5000 ஆர்பிஎம் தாண்டினா ஹேண்டில்பார் கிர்ருனு அதிருது, விரல் மரத்துப்போகுது – எங்கேருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

ஒத்தபிஸ்டன்:

வணக்கம் மக்களே, ஒரு விஷயம் ரொம்ப நாளா படுத்துது, தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. என் வண்டி 200 சிசி சிங்கிள் சிலிண்டர், ஃபியூவல் இன்ஜெக்ஷன், உள்ள அதிர்வ அடக்கற பேலன்சர் ஷாஃப்ட் உண்டு. வாங்குன புதுசுல 80-ல போனாலும் கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி பளிச்னு தெரியும். இப்போ 5000 ஆர்பிஎம் தாண்டுச்சுன்னா ஹேண்டில்பார்ல ஒரு பொடி அதிர்வு ஆரம்பிக்குது, 5500 கிட்ட உச்சத்துல இருக்கு, 6200 தாண்டினா கொஞ்சம் அடங்குற மாதிரி இருக்கு ஆனா எப்பவும் அங்கயே வெச்சு ஓட்ட முடியாதில்ல. ஃபூட்ரெஸ்ட்லயும் வருது, டேங்க்ல முட்டி படுற எடத்துலயும் லேசா தெரியுது. ஒரு மணி நேரம் விடாம ஓட்டுனா சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிடுது, வண்டிய நிறுத்தி கைய உதறுனாத்தான் சரியாகுது.

மெக்கானிக் ஒருத்தர் இன்ஜின சேசிஸ்ல பிடிக்கற எடத்து ரப்பர், அதான் மவுண்டிங் புஷ், போச்சு மாத்தணும்ங்கறார், இன்னொருத்தர் இன்ஜின இறக்கி கிராங்க்க பார்க்கணும்ங்கறார், கூட இருந்த நண்பர் கெட்டி ஆயில் ஊத்து சரியாயிடும்ங்கறார். யார நம்பறதுன்னு தெரியல. இன்ஜின இதுவரைக்கும் பிரிச்சதே கிடையாது. சமீபத்துல பண்ணுன வேலைன்னா ஆயில் மாத்துனது, செயின் ஸ்ப்ராக்கெட் செட் புதுசு போட்டது, ஒரு கிராஷ் கார்டு மாட்டுனது, அவ்ளோதான். மைலேஜ் குறையல, பிக்கப்பும் அப்படியேதான் இருக்கு. இன்ஜின இறக்காம கண்டுபிடிக்க வழி இருக்கா?


டார்க்ரென்ச்:

இருக்கு ப்ரோ. ஸ்பானர தொடறதுக்கு முன்னாடியே பாதி விஷயத்த கண்டுபிடிச்சிடலாம். முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இந்த அதிர்வு ஆர்பிஎம் கூட போகுதா இல்ல வண்டி ஸ்பீடு கூட போகுதா.

டாப் கியர்ல 5500 வர்ற ஸ்பீடு எதுன்னு பாருங்க. அப்புறம் அதே 5500-ஐ நாலாவது கியர்ல, மூணாவது கியர்ல வெச்சுப் பாருங்க. ஸ்பீடு குறைஞ்சும் அதே ஆர்பிஎம்ல அதே மாதிரி அதிருதுன்னா ஆள் இன்ஜின் பக்கம்தான். கியர் மாத்துனதும் அதிர்வு போயிடுது, ஆனா எந்த கியர்னாலும் அந்தக் குறிப்பிட்ட ஸ்பீடுல மட்டும் வருதுன்னா வீல், டயர், செயின் இதுங்கள பாருங்க. இன்னொரு டெஸ்ட், பின்னாடி வண்டி எதுவும் வராத நேர் ரோடுல அந்த ஸ்பீடுல கிளட்ச்ச பிடிச்சுக்கிட்டு ஆக்ஸிலரேட்டர விட்டுடுங்க, வண்டி உருளும்போதும் அதிர்வு நிக்கலன்னா இன்ஜின் மேல பழி போடாதீங்க. அப்புறம் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரல்ல 5500 வரைக்கும் ஏத்தி சில நொடி பாருங்க, ரொம்ப நேரம் வைக்க வேண்டாம், நின்ன எடத்துல காத்து படாம இன்ஜின் சூடாயிடும்.

உங்க வர்ணனைய வெச்சுப் பார்த்தா வீல் இல்லன்னுதான் தோணுது. கணக்கு பாருங்க, 17 இஞ்ச் வீல்ல டயரோட சுத்தளவு கிட்டத்தட்ட 2 மீட்டர், 80 ஸ்பீடுல வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகுது, அப்போ வீல் நொடிக்கு 11 தடவதான் சுத்துது. வீல் பேலன்ஸ் போனா அது தொம் தொம்னு ஆட்டம் மாதிரிதான் தெரியும். 5500 ஆர்பிஎம்ல கிராங்க் நொடிக்கு 92 தடவ சுத்துது. நீங்க சொல்ற கிர்ர்ர், விரல் மரத்துப்போறது, கண்ணாடி மங்கறது எல்லாம் அந்த வேகத்துல வர்ற அதிர்வு.

செயின மட்டும் ஒரு தடவ பார்த்துடுங்க. புதுசு போட்டப்போ ரொம்ப டைட்டா வெச்சுட்டாங்கன்னா கியர்பாக்ஸ்ல ஒரு முனகல் வரும், ஃபூட்ரெஸ்ட்ல நல்லாவே தெரியும். எவ்ளோ ஸ்லாக் (தொய்வு) வேணும்னு ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கர்லயே இருக்கும். பின் வீல மெதுவா சுத்தி, செயின் எந்த எடத்துல ரொம்ப டைட்டா இருக்கோ அந்த எடத்துல அளந்து பாருங்க.


கிராங்க்வெப்:

இன்ஜின இறக்கச் சொன்னவர் பேச்ச இப்போதைக்கு ஓரமா வைங்க. மைலேஜ் குறையல, பிக்கப் குறையல, தட்டுற சத்தம் இல்ல, இதுவரைக்கும் பிரிச்சதும் இல்ல, இந்த நிலமையில கிராங்க்க சந்தேகப்படறது கடைசி வேலை. கிராங்கோ, அதுல கனெக்டிங் ராட் சேர்ற எடத்து பிக் எண்ட் பேரிங்கோ போச்சுன்னா அதிர்வு மட்டும் தனியா வராது, கூடவே அடிவயித்துலேருந்து தட்டுற சத்தம் வரும், லோடு ஏத்துனா அந்த சத்தம் கூடும்.

அதிர்வு எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா யாரும் உங்கள ஏமாத்த முடியாது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். பிஸ்டன் மேல போய் நின்னு கீழ வரணும், கீழ போய் நின்னு மேல போகணும். ஒவ்வொரு தடவையும் அத நிறுத்தித் திருப்பறதுக்கு ஒரு விசை வேணும், அந்த விசை கனெக்டிங் ராட், கிராங்க், பேரிங் வழியா இன்ஜின் கேஸுக்கு வருது, அங்கேருந்து சேசிஸ், ஹேண்டில்பார், உங்க கை. பிஸ்டன், பின், ரிங், ராடோட மேல் பாதி எல்லாம் சேர்த்து கால் கிலோன்னும் ஸ்ட்ரோக் 58 மிமீன்னும் உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க. 6000 ஆர்பிஎம்ல அந்தக் கால் கிலோவ திருப்ப வேண்டிய உச்ச விசை 2,860 நியூட்டன் வருது, அதாவது 290 கிலோ எடைக்கு சமம். அதே சாமான் 3000 ஆர்பிஎம்ல வெறும் 715 நியூட்டன்தான். ஆர்பிஎம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. இந்த நாலு மடங்கு கணக்க மனசுல வைங்க, பின்னாடி உதவும்.

இத சமாளிக்க கிராங்க் வெப்ல எதிர் எடை வெச்சிருப்பாங்க. ஆனா சிங்கிள் சிலிண்டர்ல எதிர் எடையால முழுசா அடக்க முடியாது, ஏன்னா பிஸ்டன் மேல கீழ மட்டும் போகுது, எதிர் எடை வட்டமா சுத்துது. மேல கீழ இருக்கற உதறல முழுசா அடக்குற அளவு எடை வெச்சா அதே அளவு உதறல் முன்ன பின்ன திரும்பிடும். அதனால பாதி அளவுக்கு வெச்சு, மிச்சத்த அடக்க கிராங்க் சுத்துற அதே வேகத்துல எதிர்த்திசையில சுத்துற பேலன்சர் ஷாஃப்ட் போடறாங்க. ரெண்டும் சேர்ந்து கிராங்க் வேகத்துலயே வர்ற முதல்நிலை அதிர்வ கிட்டத்தட்ட முழுங்கிடும்.

கிட்டத்தட்டன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கனெக்டிங் ராட் சாஞ்சு சாஞ்சு போறதால பிஸ்டன் மேல் பாதியில வேகமாவும் கீழ் பாதியில மெதுவாவும் போகும், அதனால கிராங்க் வேகத்துக்கு ரெண்டு மடங்குல இன்னொரு அதிர்வு உண்டு, அதுதான் ரெண்டாம் நிலை. முதல்நிலையில கால் பங்கு அளவு இருக்கும். இத அந்த ஒத்த பேலன்சர் ஷாஃப்ட் தொடவே தொடாது. 5500-ல இது 183 ஹெர்ட்ஸ், மனுஷ விரல் நுனியோட தோல் ரொம்ப கூர்மையா உணர்றது 200லேருந்து 300 ஹெர்ட்ஸ் வாக்குல. அதனாலதான் அளவுல சின்னதா இருந்தாலும் இந்தப் பொடி அதிர்வு இவ்ளோ பெரிசா தெரியுது. இது எல்லா சிங்கிள்லயும் கூடவே பிறந்தது, எடுக்க முடியாது. உங்க விஷயத்துல கேள்வி அது இல்ல. புதுசுல அடங்கியிருந்தது இப்போ ஏன் வெளிய தெரியுது, அத பிடிக்கணும்.


ஜில்லுராஜா:

கெட்டி ஆயில் ஊத்தச் சொன்னத யாரும் கண்டுக்கவே இல்ல, எனக்கு ஆயில் மாத்துனதும் வண்டி ஸ்மூத் ஆச்சு, அது உண்மை. 10டபிள்யூ30-லேருந்து கெட்டி கிரேடு போட்டேன், வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது.


கிராங்க்வெப்:

ராஜா, நீங்க உணர்ந்தது பொய்ன்னு சொல்லல. கெட்டி ஆயில்ல கியர் சத்தம், டேப்பெட் சத்தம், கிளட்ச் கரகரப்பு எல்லாம் மட்டுப்படும், காதுக்கு அது ஸ்மூத்தா தெரியும். ஆனா பிஸ்டனோட எடை அதேதான், பேலன்சரோட எடை அதேதான், ஆயில் மாறுனதால அதுங்க எதுவும் மாறல. ஹேண்டில்பார் அதிர்வுக்கு ஆயில் மருந்து இல்ல. இப்போ இருக்கற சின்ன சின்ன வழியா ஓடற ஆயில் பாதைக்கு மேனுவல் சொன்ன கிரேடுதான் நல்லது, குளிர் ஸ்டார்ட்ல கெட்டி ஆயில் மேல ஏற நேரம் ஆகும், தேய்மானம் அங்கதான் நடக்குது. பழைய ஆயில் ரொம்ப நாள் கிடந்து மெலிஞ்சு போயிருந்தா எந்தப் புது ஆயில் போட்டாலும் வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.


நெடும்பயணி:

அண்ணே எல்லாரும் கிராஷ் கார்ட தாண்டிப் போயிட்டீங்க, எனக்கு அதுதான் முதல்ல கண்ல பட்டது. ஒத்தபிஸ்டன், உங்க கிராஷ் கார்டு எங்க பிடிச்சிருக்கு? சேசிஸ்ல கிளாம்ப் போட்டா, இல்ல இன்ஜின் முன் மவுண்டிங் போல்ட்டையே கழட்டி அதுலயே நீள போல்ட் போட்டா?

நிறைய கிராஷ் கார்டு அந்த மவுண்டிங் போல்ட்லதான் உக்காருது. அங்க நடக்கற விஷயம் என்னன்னா, கார்டோட பட்டையில கனமா பவுடர் கோட்டிங் இருக்கும், அந்த பெயிண்ட் மேலேயே வச்சு போல்ட்ட முறுக்கிடுவாங்க. மாட்டுன அன்னைக்கு டைட்டாத்தான் இருக்கும். ஓட ஓட சூட்டுலயும் அதிர்வுலயும் அந்த பெயிண்ட் நசுங்கும், ஒரு மில்லிமீட்டர்ல ஒரு சின்ன பங்கு நசுங்குனா கூட போதும், போல்ட்டோட இழுவை போயிடும். ஸ்பானர் வெச்சு பார்த்தா லூஸ்னு தெரியாது, கையால ஆட்டுனாலும் ஆடாது, ஆனா இன்ஜினும் பிராக்கெட்டும் ஒண்ணோட ஒண்ணு மைக்ரோ அளவுல உரசிக்கிட்டு இருக்கும்.

அத கண்டுபிடிக்க அடையாளம் சொல்றேன். நல்ல வெளிச்சத்துல டார்ச் அடிச்சு அந்த போல்ட் தலைய சுத்திப் பாருங்க. சிவப்பும் பழுப்பும் கலந்த மாதிரி நைஸ் பவுடர் வாஷர் ஓரத்துல படிஞ்சிருக்கும், ஈரத்துல பிடிச்ச துரு மாதிரி கெட்டியா இருக்காது, விரல்ல தொட்டா மாவு மாதிரி ஒட்டும். அது இரும்பு இரும்போட உரசி வந்த தூள். போல்ட்ட கழட்டி வாஷர திருப்புனீங்கன்னா ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு தேஞ்சிருக்கும். இந்த ரெண்டும் இருந்தா அங்க அசைவு இருக்குன்னு சந்தேகமில்லாம சொல்லலாம்.

கூடவே போல்ட் தலையில என்ன நம்பர் அடிச்சிருக்குன்னு பாருங்க. 8.8-ஓ 10.9-ஓ இருக்கணும், அது போல்ட்டோட பலத்த காட்டுற நம்பர். கிராஷ் கார்டு கூட குடுக்கற நீள போல்ட்ல சிலதுல நம்பரே இருக்காது, அத இன்ஜின் தாங்கற எடத்துல வைக்கவே கூடாது.


ஒத்தபிஸ்டன்:

எல்லாருக்கும் நன்றி, சொன்னத ஒண்ணொண்ணா பண்ணிட்டு வந்து எழுதறேன். டாப் கியர், நாலு, மூணு எல்லாத்துலயும் 5500-லதான் உச்சம், ஸ்பீடு கூட சம்பந்தமே இல்ல. கிளட்ச் பிடிச்சு உருட்டுனா சுத்தமா அமைதி. நியூட்ரல்லயும் அதே எடத்துல வருது. செயின் ஸ்லாக் சரியாத்தான் இருக்கு.

நெடும்பயணி அண்ணே, நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு. கார்டு இன்ஜின் முன் மவுண்டிங் போல்ட்லதான் உக்காந்திருக்கு, வலது பக்கம் வாஷர் ஓரத்துல அந்தப் பழுப்புத் தூள், கழட்டுனா பட்டையோட பெயிண்ட் போல்ட் தலை சைஸுக்கு வட்டமா நசுங்கி பிதுங்கியிருக்கு. போல்ட் தலையில நம்பர் எதுவும் இல்ல. கார்ட கழட்டிட்டு ஒரிஜினல் போல்ட்ட மாட்டி ஓட்டிப் பார்த்தேன், ஃபூட்ரெஸ்ட் அதிர்வும் டேங்க் அதிர்வும் பெருமளவு போயிடுச்சு, இத்தனை நாள் சுமந்துக்கிட்டு இருந்தேனான்னு ஆச்சரியமா இருக்கு.

ஆனா ஹேண்டில்பார் மட்டும் இன்னும் அடங்கல. கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா அதே 5500-ல உச்சம், 6200-ல இறக்கம். விரல் இன்னும் மரத்துப்போகுது. ஃபோம் கிரிப் போடலாமா, இல்ல ஹேண்டில்பார் ரப்பர் மாத்தணுமா?


டார்க்ரென்ச்:

ப்ரோ உங்க கண்ணாடி எங்க இருக்கு? ஒரிஜினல் மாதிரி ஸ்விட்ச் பக்கத்துல தண்டு வெச்சதா, இல்ல ஹேண்டில்பார் நுனியில மாட்டுற பார் எண்ட் கண்ணாடியா?


ஒத்தபிஸ்டன்:

பார் எண்ட் கண்ணாடிதான். போன வருஷம் மாத்துனது. அதுக்காக நுனியில இருந்த இரும்பு குண்ட கழட்ட வேண்டியிருந்துச்சு, பத்திரமா வெச்சிருக்கேன்.


கிராங்க்வெப்:

மிச்சம் இருந்த விஷயம் இதுதான். முதல் பதிவுலயே நீங்க ஒரு துப்பு குடுத்தீங்க, 5500-ல உச்சம், 6200 தாண்டினா அடங்குதுன்னு. நான் மேல சொன்ன கணக்குப்படி விசை ஆர்பிஎம் ஏற ஏற கூடிக்கிட்டேதான் போகணும், 6200-ல 5500-ஐ விட நாலுல ஒரு பங்குக்கு மேல அதிகமா இருக்கணும். உங்களுக்கு குறையுது. விசை கூடும்போது அதிர்வு குறையுதுன்னா அந்த எடத்துல அதிர்றது தன்னோட சொந்த தாளத்துல மாட்டிக்கிட்ட ஒரு பாகம், அதாவது ஒத்திசைவு. ஊஞ்சல் வர்ற நேரம் பார்த்து லேசா தள்ளுனா எவ்ளோ உயரம் போகுமோ அதே கதை, சின்ன தள்ளல்தான், ஆனா சரியான நேரத்துல வருது. உங்க ஹேண்டில்பார் குழாய்க்கு ஒரு இயல்பான அதிர்வெண் இருக்கு, இன்ஜின் 5500-ல குடுக்கற 92 ஹெர்ட்ஸோ அதோட ரெண்டு மடங்கான 183-ஓ அதோட பொருந்திப்போகுது.

கம்பெனி நுனியில குண்டு வைக்கறதே இதுக்காகத்தான், அழகுக்கு இல்ல. நுனியில எடை கூடுனா குழாயோட இயல்பு அதிர்வெண் கீழ இறங்கும், அப்போ ஒத்திசைவு நடக்கற எடம் தாழ்ந்த ஆர்பிஎம்முக்கு போயிடும், அங்க இன்ஜின் விசையே கம்மி, அதுவும் போக அந்த எடத்துல நீங்க நிலையா வெச்சு ஓட்ட மாட்டீங்க, கடந்து போயிடுவீங்க. நீங்க குண்ட கழட்டிட்டு லேசான அலுமினிய கண்ணாடிய வெச்சதும் அந்த எடம் மேல ஏறி, நேரா நீங்க தினமும் ஓட்டற ஆர்பிஎம்ல வந்து உக்காந்துடுச்சு. இன்ஜின் மாறவே இல்ல, அத வாங்கிக்கற குழாய்தான் மாறியிருக்கு.

கண்ணாடிய கழட்டிட்டு பழைய குண்ட மாட்டி ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, செலவே இல்லாத சோதனை. குண்டு குழாய்க்குள்ள பிடிக்கற ரப்பர் விரிஞ்சு இறுகணும், லூஸா இருந்தா அதுவே தனியா ஆடி இன்னும் மோசமாக்கும். குண்ட கைல பிடிச்சு திருகுனா திரும்பக் கூடாது.

ஃபோம் கிரிப் விஷயம், என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. நல்ல ஜெல் கிரிப் பொடி அதிர்வ ஓரளவு வடிகட்டும், மறுக்கல. ஆனா தடிமனா பஞ்சு சுத்துனா பிடிக்கற குறுக்களவு கூடி கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடிச்சா அதிர்வு இன்னும் நல்லா கைக்குள்ள ஏறும். மூலத்த சரி பண்ணிட்டு மிச்சம் இருந்தா மட்டும் அதுக்குப் போங்க. குழாய்க்குள்ள ஈயக்குண்டு கொட்டி நிரப்பற பழக்கம் ஒண்ணு உண்டு, வேலை செய்யும், ஆனா இறுக்கமா நிரப்பி ரெண்டு பக்கமும் அடைக்கணும், த்ராட்டில் பக்கம் தடை இல்லாம தானா திரும்புதான்னு பார்க்காம ரோட்டுக்கு எடுக்கக் கூடாது.


பழையபுல்லட்:

தம்பி, நான் ரொம்ப நாளா பேலன்சர் இல்லாத ராயல் என்ஃபீல்டு 350 யூசிஇ இன்ஜின் ஓட்டறவன், அதனால ரெண்டு வார்த்தை. அதிர்வே வேண்டாம்னு ரப்பர் ரப்பரா மாத்திக்கிட்டே போகாத. ரப்பர்ல தொங்க விட்டா அதிர்வு குறையும், ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு. 1967-ல நார்டன் கமாண்டோ வந்தப்போ இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்விங்ஆர்ம் எல்லாத்தையும் ஒரே தொகுப்பா ரப்பர்ல மிதக்க விட்டாங்க, ஐசோலாஸ்டிக்னு பேரு. சாதாரண பேரலல் ட்வின்ன வெச்சே ரைடர் கைக்கு வர்ற நடுக்கத்த பெருசா குறைச்சாங்க. ஆனா அந்த ரப்பர் மவுண்ட்டோட பக்கவாட்டு இடைவெளிய ஷிம்ங்கற மெல்லிய தகடு வெச்சு சரியா பராமரிக்கலன்னா வண்டி வளைவுல ஆட ஆரம்பிச்சிடும். மென்மையான புஷ்ஷ கடையில வாங்கி இஷ்டத்துக்கு மாத்தறவங்க இத யோசிக்கணும், மவுண்டிங் புஷ்னா கம்பெனி என்ன கடினத்துல குடுத்தானோ அதேதான் போடணும்.

மத்தபடி இன்ஜினோட பிறவிக்குணத்த பார்ட்ஸால மாத்த முடியாது. அதே ராயல் என்ஃபீல்டு 2020-ல மீட்டியார்ல ஜே சீரிஸ் இன்ஜின் கொண்டு வந்தப்போ பேலன்சர் ஷாஃப்ட்ட உள்ள வெச்சான், அதே 350 தான், கைல வர்ற உணர்வு முழுசா வேற. 90 டிகிரி வி ட்வின் எடுத்தா முதல்நிலை அதிர்வ எதிர் எடையாலயே முழுசா அடக்கிடலாம். இன்லைன் நாலு சிலிண்டர்ல முதல்நிலை தானாவே அடங்கிடும், ரெண்டாம் நிலை நாலும் ஒண்ணா சேர்ந்து பொடி அதிர்வா வரும், யமஹா 2009 ஆர்1-ல பின்கள 90 டிகிரி தள்ளி வெச்ச கிராஸ்பிளேன் கிராங்க் போட்டதும் அந்த ரெண்டாம் நிலையும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிட்டு போச்சு. வண்டி வாங்கும்போதே கிராங்க் அமைப்ப பார்த்து வாங்கறவன் அப்புறம் கிரிப்புக்கும் குண்டுக்கும் அலைய வேண்டியதில்ல.

நெடுந்தூரம் போறவன்னா முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு கூட்டறது பத்தி யோசிக்கலாம். 14 பல்லுக்கு 15 போட்டா அதே ஸ்பீடுல 6000 ஓடுன எடத்துல 5600 ஓடும், விசை கணக்குல 13 சதவீதம் குறையும். ஆனா ஏத்தத்துலயும் ரெண்டு பேர் உக்காந்தாலும் இழுவை குறையும், கீழ ஆர்பிஎம்ல டாப் கியர்ல திணற விட்டா அது வேற மாதிரி உதறும், செயினுக்கும் கெடுதல். ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருந்தா காட்டுற ஸ்பீடும் தப்பாயிடும், கவர் உள்ள எடம் இருக்கான்னும் பார்க்கணும். உனக்கு 5500-லதான் ஒத்திசைவுன்னா இத இப்போ பண்ணாத தம்பி, 6000-ல ஓடிக்கிட்டு இருந்தவன நேரா அந்தக் குழியில கொண்டு போய் விட்டுடும்.


விரல்நுனி:

நான் பிசியோதெரபி பக்கம் வேலை பாக்கறவ, வண்டியும் ஓட்டறவ, அதனால கை விஷயம் மட்டும் சொல்றேன். சுண்டு விரல், மோதிர விரல் மட்டும் மரத்துப்போகுதுன்னா அது உள்ளங்கையோட வெளிப்பக்கமா போற அல்னார் நரம்பு அழுந்தறதோட அடையாளம். சைக்கிள் ரொம்ப தூரம் ஓட்டறவங்களுக்கும் இதே தொல்லை வரும். அதிர்வும் காரணம், உடம்பு எடைய கைல சாய்ச்சு ஓட்டறதும் காரணம். முட்டியால டேங்க்க பிடிச்சு, முதுகு வயிறு பலத்துல உக்காந்து, முழங்கைய லேசா மடக்கி வைங்க, கிரிப்ப பிடிக்கற பலத்த குறைங்க. கிளட்ச், பிரேக் லிவர் ரொம்ப மேல தூக்கியிருந்தா மணிக்கட்டு பின்பக்கம் மடங்கி நரம்பு இன்னும் அழுந்தும், லிவர கொஞ்சம் கீழ இறக்கி முழங்கை, மணிக்கட்டு, விரல் ஒரே கோட்டுல வர்ற மாதிரி செட் பண்ணுங்க.

வண்டிய விட்டு இறங்கின பிறகும் மரத்தது போகலன்னாலோ, ராத்திரி தூக்கத்துல மரத்தாலோ, இல்ல குளிர்ல விரல் நுனி வெள்ளையா வெளுத்துப்போனாலோ டாக்டர பார்த்தே ஆகணும். விரல் வெளுக்கறது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது, அதிர்ற மெஷின் பிடிச்சு வேலை செய்றவங்களுக்கு வர்றது. ஐரோப்பிய ஒன்றியத்தோட 2002 சட்டம் தொழிலாளர் கைக்கு வர்ற அதிர்வுக்கு 8 மணி நேர வேலைக்கு 2.5 மீட்டர்/நொடி² தாண்டினா நடவடிக்கை எடுக்கணும், 5 தாண்டவே கூடாதுன்னு வரம்பு வெச்சிருக்கு. நாள் முழுக்க வண்டியிலயே டெலிவரி வேலை பாக்கறவங்க இத விளையாட்டா எடுத்துக்கக் கூடாது, அவங்க கை தினமும் அந்த மணிக்கணக்குல அதிர்வுலதான் இருக்கு.

போன் விஷயமும் ஒரு வரி. ஹேண்டில்பார்ல நேரா போன மாட்டி மேப் பார்க்கறவங்களுக்கு, ஆப்பிளே 2021-ல சொல்லியிருக்கான், பெரிய மோட்டார்சைக்கிள் இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவோட பட நிலைப்படுத்தியையும் ஆட்டோஃபோகஸையும் கெடுக்கலாம்னு. அதிர்வு தணிக்கற மவுண்ட் இல்லாம மாட்டாதீங்க.


ஒத்தபிஸ்டன்:

பழைய இரும்பு குண்ட மாட்டி ஓட்டிட்டேன். 5500-ல இருந்த உச்சம் காணோம், அதுக்கு பதிலா 4000 கிட்ட லேசா ஒரு சிலுசிலுப்பு வந்து உடனே போயிடுது, கிராங்க்வெப் சொன்னதேதான். லிவரையும் இறக்கி வெச்சேன், விரல் பரவாயில்ல. இப்போ ஒரே ஒரு கேள்வி. கிராஷ் கார்டு எனக்கு வேணும், விழுந்தா இன்ஜின் கேஸ் உடையக் கூடாதில்ல. திரும்ப மாட்டும்போது மவுண்டிங் போல்ட்ட எப்படி டைட் பண்ணணும்?


நெடும்பயணி:

முடிஞ்சா சேசிஸ்ல தனியா கிளாம்ப் போடற மாடல் தேடுங்க, அதுதான் முதல் யோசனை. இதே கார்டுதான்னா, பட்டையில போல்ட் தலை உக்கார்ற வட்டத்துலயும், பட்டை பிராக்கெட்ட தொடற பின்பக்கத்துலயும் இருக்கற பெயிண்ட்ட உப்புத்தாளால இரும்பு தெரியற வரைக்கும் எடுங்க, துரு பிடிக்காம லேசா கிரீஸ் தொட்டு வைங்க. நீளம் சரியான 10.9 போல்ட், கனமான வாஷர். பட்டையோட ஓட்டை பிராக்கெட் ஓட்டைக்கு நேரா வரலன்னா பலவந்தமா இழுத்து போல்ட்ட சொருகாதீங்க, அந்த இழுவை இன்ஜின் மேல நிரந்தரமா உக்காந்துடும், ஓட்டைய கொஞ்சம் அராவி நேராக்குங்க.

டைட் பண்ற முறைதான் முக்கியம். முன் மவுண்ட் மட்டும் இல்ல, பின் மவுண்ட், மேல் மவுண்ட் எல்லா நட்டையும் கொஞ்சம் லூஸ் விடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி இன்ஜினுக்கு அடியில கட்டைய வெச்சு ஜாக்கியால எடைய தாங்க விடுங்க. எல்லா போல்ட்டையும் கையால முழுசா ஏத்துங்க, இன்ஜின ரெண்டு பக்கமும் லேசா ஆட்டி அதுவா ஒரு எடத்துல உக்கார விடுங்க. போல்ட் விரலால தள்ளுனா வழுக்கி உள்ள போகணும், சுத்தியல் தேவைப்பட்டா எதோ நேரா இல்லன்னு அர்த்தம். அப்புறம் மேனுவல்ல இருக்கற வரிசையில, பாதி டார்க்ல (முறுக்கு அளவுல) எல்லா போல்ட்டுக்கும் ஒரு தடவ, முழு டார்க்ல இன்னொரு தடவ. டார்க் ரென்ச் இல்லாம குத்துமதிப்பா பண்ணாதீங்க, மவுண்டிங் போல்ட் அளவு வண்டிக்கு வண்டி மாறும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கா பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு இழுத்து வைங்க, அசைஞ்சா கோடு விலகிக் காட்டிக் குடுத்துடும்.

கொஞ்ச தூரம் ஓடி பட்டை, வாஷர் எல்லாம் அமுங்குன பிறகு, இன்ஜின் முழுசா ஆறுன நேரத்துல இன்னொரு தடவ டார்க் பாருங்க. அப்பவும் அந்தப் பழுப்புத் தூள் திரும்ப வந்துச்சுன்னா போல்ட்ட முறுக்கிக்கிட்டே இருக்காதீங்க, பிராக்கெட்ட சேசிஸோட சேர்க்கற வெல்டிங் ஓரத்த மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு முடி அளவு கீறல் இருக்கான்னு பாருங்க. கீறல் இருந்தா அது சரியாகற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.